முகப்புக் கடிதம்
(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



மாலை நேரப் பாட வகுப்பிற்கு நிதியுதவி கோரி ஒரு நிறுவனத்திற்கு நாம் அளித்த விண்ணப்பம் பதிலின்றிப் போனதைத் தாங்கள் அறிவீர்கள். திட்ட அறிக்கையில் குறையில்லை. அதன்மேல் வைத்த முகப்புக் கடிதத்தை மீண்டும் படித்தபோதுதான் நமக்கே நாணமாயிற்று. முதற்பக்கம் மஹல்லாவின் வரலாறு. இரண்டாம் பக்கம் அந்நிறுவனத்தின் புகழ். கேட்கும் தொகையோ மூன்றாம் பக்கத்தின் அடியில்! கட்டுக்கட்டாக விண்ணப்பங்களைப் பிரிக்கும் அலுவலர் அதுவரை வந்திருப்பாரா?

கடிதம் ஒரே பக்கத்தில் முடிய வேண்டும். 'பொருள்' என்னும் வரியிலேயே எதற்கு, எவ்வளவு என்பது தெரிந்துவிட வேண்டும். எத்தனை பிள்ளைகள், எத்தனை மாதங்கள் என்பது முதற்பத்தியில் வர வேண்டும். அடுத்து, நம் பைத்துல்மாலிலிருந்து நாம் இடும் பங்கு. இதனை எழுத நம்மில் பலர் கூசுகின்றனர். செய்த தர்மத்தைச் சொல்லிக் காட்டுவதாகாதா என்கின்றனர். ஆகாது, கொடுப்பவர் கேட்கும் கணக்கு அது.

கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. ஆண்டு நிகர இலாபம் 5 கோடி ரூபாயை எட்டிய நிறுவனங்களும் அதில் அடங்கும். முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டை அவை சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாம் இயங்கும் வட்டாரத்திற்கு முன்னுரிமை தரவும் வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் அருகில் வாழும் நமக்கு இது எத்தகைய வாய்ப்பு! 'தங்கள் ஆலையிலிருந்து இத்தனை கிலோமீட்டர்' என்னும் ஒரு வரி, ஒரு பக்கப் புகழுரையினும் பயன் தரும். கல்வி அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உண்டு. பள்ளிவாசல் கட்டுமானம் இல்லை. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலத்தல் கூடாது. 2021 ஏப்ரல் முதல், நிதி பெறும் அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 படிவத்தின் வழியாகப் பதிவு செய்திருத்தல் வேண்டும். அப்பதிவெண்ணும் கடிதத்தில் இடம்பெற வேண்டும்.

அரசுக்கு எழுதும்போது முகவரியிலேயே தவறிவிடுகிறோம். பழைய கோப்பைப் பார்த்து நகலெடுக்கும் வழக்கம் நம்மை விடுவதாயில்லை. அம்பத்தூர் வட்டம் 2018இல் சென்னை மாவட்டத்தோடு இணைந்துவிட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே உள்ளன. அவரவர் தத்தம் மாவட்ட ஆட்சியருக்கே எழுதுதல் வேண்டும்.

புதிய கடிதத்தின் வரைவு மேசைமேல் இருக்கிறது, ஒரே பக்கந்தான். கலைந்து செல்லுமுன் படித்துப் பார்த்து, புரியாத இடங்களில் கோடிட்டுத் தருமாறு அன்புடன் வேண்டுகிறோம்.