ஒரு ஜன்னலுக்கு எத்தனை நாள் பேரு?
(தோட்டக் கமிட்டி மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மழைக்காலம் முடிந்ததும் நம் லயங்களில் பேச்சு ஜன்னலைப் பற்றித்தான். பலகை உக்கிவிட்டது, சாரல் படுக்கையில் விழுகிறது, பிள்ளைக்கு இருமல். மாற்றத்தான் வேண்டும். எதை மாற்றுவது, எவ்வளவு கொடுப்பது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலாவது, யார் மாற்ற வேண்டும்? லயன் காம்பரா உங்கள் பெயரில் இல்லை. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போன பிறகும் அந்த நிலை மாறவில்லை. ஆகவே பையிலிருந்து காசு எடுக்கும் முன், பழுதை எழுதி, தோட்டத் தலைவர் மூலமாக நிர்வாகத்துக்குக் கொடுங்கள். திகதி போட்டு, பிரதி ஒன்றை வீட்டில் வையுங்கள். வாய்ச்சொல்லுக்கு நாளைக்குச் சாட்சி இருக்காது. நீங்களே செய்ய நேர்ந்தால், செய்யலாம் என்ற அனுமதியையும் எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவது, முழு ஜன்னலும் வேண்டுமா? ஜன்னல் நிலையின் அடிக்கட்டையை ஒரு ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். தண்ணீர் தேங்குவது அங்கேதான், உக்கத் தொடங்குவதும் அங்கேதான். உள்ளே இறங்காமல் கெட்டியாக நின்றால் நிலை நல்லது. கதவுப் பலகை, கண்ணாடி, பிணைச்சல் இவற்றை மட்டும் மாற்றினால் போதும். நிலையைப் பெயர்த்தால் சுவரும் உடையும், பூச்சு வேலையும் வரும். அந்தச் செலவு தனி.

மூன்றாவது, எஸ்டிமேட்டை எப்படிப் பார்ப்பது? கடைக்காரர் சதுர அடிக்கு விலை சொல்வார். 4 அடி அகலம், 3 அடி உயரம் என்றால் 12 சதுர அடி. இனி நான் சொல்லும் விலைகள் கணக்குக்காக மட்டும்; சந்தை விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவர் சதுர அடி 2,200 ரூபா என்கிறார். மொத்தம் 26,400. இன்னொருவர் 2,800 என்கிறார். மொத்தம் 33,600. முதல் ஆள் 7,200 ரூபா குறைவு என்று நினைப்போம். ஆனால் அவருடைய விலையில் பழையதைக் கழற்றும் கூலி 2,000, லொறிக் கூலி 1,500, இரும்புக் கிரில் 6,000, சுவர்ப் பூச்சு 2,500 சேரவில்லை. கூட்டினால் 38,400. மற்றவர் எல்லாம் சேர்த்துத்தான் 33,600 சொன்னார். மலிவு என்று நினைத்தது 4,800 ரூபா கூடிவிட்டது.

அதனால் எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர்? மரம் என்றால் என்ன மரம், காய்ந்த மரமா? அலுமினியம் என்றால் எத்தனை கனம்? கழற்றுவது, ஏற்றி வருவது, பொருத்துவது யார்? வற் வரி சேர்ந்ததா? 2024 ஜனவரி முதல் அது 18 வீதம். வற் வரிக்குப் பதிவு செய்த கடைதான் அதை அறவிடலாம். கேட்டால் பதிவிலக்கம் உள்ள பில்லைக் கேளுங்கள்.

அளவையும் நீங்களே எடுத்து வையுங்கள். பழைய சுவர் நேராக இருக்காது. அகலத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவைக் குறியுங்கள். உயரத்துக்கும் அப்படியே.

இன்னொரு விசயம். தள்ளு ஜன்னல் பார்க்க அழகு. ஆனால் எப்போதும் பாதிதான் திறக்கும். விறகு அடுப்பு எரியும் காம்பராவுக்குப் புகை போக வேண்டும். அங்கே முழுதாகத் திறக்கும் பிணைச்சல் ஜன்னலே நல்லது. புகை குடிக்கிறவர்கள் பெண்களும் பிள்ளைகளும்தான்.

கடைசியாக, கடன். 2024இல் சம்பள நிர்ணய சபை நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கணக்குப் பாருங்கள். 33,600 ரூபா ஜன்னல் என்பது ஏறக்குறைய 25 நாள் பேரு. கையில் காசு இல்லாமல் இரண்டு ஜன்னலுக்கு 60,000 கடன் எடுக்கிறோம் என்று வையுங்கள். வருடத்துக்கு 24 வீதம், இரண்டு வருடம். “மாதம் 3,700தானே அக்கா” என்பார்கள். 24 மாதத்தில் கட்டுவது 88,800. வட்டி மட்டும் 28,800. அது 21 நாளுக்கு மேற்பட்ட உழைப்பு. முதலில் பாதி அடைந்த பிறகும் முழு 60,000க்கே வட்டி போடுகிற முறை இது. “குறையும் முதலுக்கு வட்டியா, முழு முதலுக்கா?” என்று கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். மாதத் தவணையைக் கேட்காதீர்கள்; மொத்தம் எவ்வளவு கட்டுவோம் என்று கேளுங்கள்.

ஒரு லயத்தில் ஆறு வீட்டுக்கு ஜன்னல் வேண்டுமென்றால் ஆறு பேரும் தனித்தனியாகக் கடைக்குப் போக வேண்டாம். ஒரே பட்டியலாகப் போங்கள். லொறிக் கூலி ஒன்றாகும், விலையும் பேசலாம். அட்வான்ஸைக் குறைவாகக் கொடுங்கள். மிச்சத்தைப் பொருத்தி, தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகு கொடுங்கள்.

சம்பளத்தைக் கூட்டப் போராடுகிற நாம், வந்த சம்பளம் வீணாய்ப் போகாமலும் காக்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் எஸ்டிமேட்டைக் கொண்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.