உயிரணுவின் உலையும் உழைப்பும்



விடியற்காலையில் தாராவிச் சந்துகளில் நடந்தவர்கள் அந்தக் காட்சியை அறிவார்கள். நம் தமிழ்ப் பெண்மணிகள் முதல் நாள் இரவே அரைத்து வைத்த மாவு பொங்கி நிற்கும். அடுப்பில் இட்லி வேகும். சற்று நேரத்தில் ஒருவர் பெரிய அலுமினியப் பாத்திரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு மாட்டுங்காவை நோக்கியோ செம்பூரை நோக்கியோ புறப்பட்டுவிடுவார். மாவு பொங்கியதும் மனிதர் நடந்ததும் வேறு வேறு காரியங்கள் என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில் இரண்டும் உயிரணுக்களின் உழைப்பே.

மாவிலுள்ள கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் பிராணவாயுவின் துணையின்றியே சர்க்கரையை உடைத்துச் சக்தி பெறுகின்றன. அப்போது லாக்டிக் அமிலமும் கரியமிலவாயுவும் உண்டாகின்றன. முன்னது புளிப்பைத் தருகிறது. பின்னது மாவைப் பொங்கச் செய்கிறது. பாரம் சுமப்பவர் விரைந்து படியேறும்போது, அவர் தசைக்குப் பிராணவாயு போதாமற்போனால் அங்கும் லாக்டிக் அமிலம் உண்டாகிறது. அதனால் அந்த அமிலமே தசையைச் சுருங்கச் செய்கிறது என்று 1920-களில் விஞ்ஞானிகள் பலர் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை அசைத்தவர்களுள் ஒருவர் சென்னையில் படித்தவர். எல்லாப்ரகட சுப்பராவ் 1895-ல் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்றவர். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் பிஸ்கே என்பவருடன் சேர்ந்து, பாஸ்பரஸை நுட்பமாக அளவிடும் ஒரு முறையை 1925-ல் வெளியிட்டார். அந்த அளவுகோலைக் கொண்டு தசையைச் சோதித்த இருவரும் 1927-ல் பாஸ்போகிரியாட்டின் என்ற பொருளையும், 1929-ல் அடினோசின் ட்ரைபாஸ்பேட் என்ற பொருளையும் கண்டறிந்தார்கள். பின்னதை அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியே கண்டார். சுருக்கமாக ஏ.டி.பி. எனப்படுவது இதுவே.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இந்த ஏ.டி.பி.க்கு உவமை தேடினோம். 'உயிரணுவின் நாணயம்' என்பது வழக்கம். ஆனால் மும்பைவாசிக்கு அதைவிடப் பொருத்தமான உவமை அன்றாடம் கண்முன் நடமாடுகிறது. அதுதான் டப்பாவாலா கொண்டு செல்லும் டப்பா. நிறைந்த டப்பா அலுவலகத்திற்குப் போகிறது. வெறும் டப்பா வீடு திரும்பி, மறுநாள் மறுபடி நிறைகிறது. ஏ.டி.பி.யும் அப்படியே. மூன்று பாஸ்பேட்டுகளில் ஒன்றை இழந்து சக்தியைக் கொடுக்கிறது. பின்பு திரும்பிச் சென்று அதை மீண்டும் பெறுகிறது. ஒரு சமயத்தில் நம் உடலில் இருக்கும் ஏ.டி.பி. மிகச் சொற்பம். ஆயினும் ஒரு நாளில் மீண்டும் மீண்டும் நிரப்பப்படுவதைக் கூட்டிப் பார்த்தால், ஏறத்தாழ நம் உடல் எடைக்கே சமமாகும்!

டப்பாவை நிரப்பும் அடுக்களை எது? அது மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்பு. நாம் உண்ட இட்லி சர்க்கரையாகி, இரத்தத்தின் வழியே உயிரணுவை அடைகிறது. அதைப் பிராணவாயுவுடன் சேர்த்து, படிப்படியாக, நெருப்பில்லாமல் எரிப்பது இங்கேதான். அந்தச் சக்தியால் ஹைட்ரஜன் அயனிகள் ஒரு சவ்வுக்கு அப்பால் தேக்கப்படுகின்றன. அவை திரும்பிப் பாயும் வேகத்தில், அணைநீர் சக்கரத்தைச் சுழற்றுவது போல ஒரு புரதச் சக்கரம் சுழன்று ஏ.டி.பி.யை ஆக்குகிறது. பீட்டர் மிச்செல் 1961-ல் இந்தத் தேக்கத்தைப் பற்றிச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978-ல் அதற்கே நோபல் பரிசு கிடைத்தது. பிராணவாயு சில நிமிடங்கள் தடைப்பட்டாலும் மூளை பழுதடைவதன் காரணம் இப்போது விளங்கும்: அடுக்களை நின்றால் டப்பா நிரம்பாது.

இனி, இயக்கம். தசையில் மையோசின் என்ற புரதம் ஆக்டின் என்ற இழையைப் பற்றி இழுக்கிறது. இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதை 1954-ல் இரு குழுவினர் விளக்கினார்கள். இங்கே ஒரு வியப்பு. பற்றிய பிடியை விடுவதற்கும் ஏ.டி.பி. வேண்டும். உயிர் பிரிந்தபின் உடல் விறைப்பது இதனாலேயே. பிடி இருக்கிறது, விடுவிக்கச் சக்தி இல்லை.

தசைக்கு வெளியேயும் சுமை கூலிகள் உண்டு. கைனெசின் என்ற புரதம் உயிரணுவிற்குள் பாரம் சுமந்து நடக்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால், அதில் 8 கூறே அதன் ஓர் எட்டு. எட்டுக்கு ஓர் ஏ.டி.பி. செலவு. டைனீன் என்பது எதிர்த்திசைக் கூலி. கொலாபாவிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ரூப் மல்லிக் குழுவினர், லேசர் ஒளியால் பாரத்தைப் பிடித்து நிறுத்தி, டைனீனின் வலுவை அளந்தார்கள். தனித்து நிற்கும் டைனீன் பலவீனமானது; பல கூடினால் பெரும் பாரத்தையும் இழுக்கும் என்று 2013-ல் வெளியிட்டார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது நமக்குப் புதிதன்றே!

சுப்பராவுக்கு ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிட்டவில்லை. நோபல் பரிசும் கிட்டவில்லை. 1948-ல் அயல்நாட்டிலேயே காலமானார். ஏ.டி.பி. என்ற மூன்றெழுத்தை எழுதி மதிப்பெண் வாங்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அவர் பெயரை அறிவர்? பாரம் சுமப்பவரின் பெயரும் நமக்குத் தெரிவதில்லை. நாளைக் காலை இட்லிப் பாத்திரம் வாசலில் இறங்கும்போது, அந்த இருவரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வோமாக.