பழைய காரும் புதிய பாதையும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது உபயோகமாப் பேசுங்க, ஹாஸ்டல் கதை வேண்டாம்" என்று செயலாளர் போனிலேயே எச்சரித்துவிட்டார். ஆகையால் ஹாஸ்டல் கதைகளை மதிய உணவுக்கு ஒத்திவைத்துவிட்டு, ஒரு சின்னப் பொருளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். காரின் டாஷ்போர்டில் பதித்திருக்கும் வழிகாட்டித் திரை. கார் நன்றாக ஓடுகிறது, திரையும் ஒளிர்கிறது, ஆனால் உள்ளே இருக்கும் வரைபடத்தைப் புதுப்பித்துத் தர ஆளில்லை, தயாரித்தவரே கைகழுவிவிட்டார் என்றால் என்ன செய்வது? இந்த அரங்கில் இருக்கும் பலருடைய வீட்டில் அப்படி ஒரு கார் நின்றுகொண்டிருக்கும்.

இந்தச் சிக்கல் அந்தக் கருவி பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. 1981இல் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் அக்கார்டு காரில் ஒரு வழிகாட்டியை வைத்தது. அப்போது பொதுமக்கள் உபயோகத்துக்கு ஜிபிஎஸ் கிடையாது. சக்கரம் எத்தனை சுற்றியது, வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்பதை ஒரு கைரோஸ்கோப் வைத்துக் கணக்கிட்டு, கண்ணாடி போன்ற ஃபிலிமில் அச்சடித்த வரைபடத்துக்குப் பின்னால் ஒரு புள்ளியை நகர்த்துவார்கள். புதுசா ஒரு ரோடு போட்டால் புது ஃபிலிம்தான் வாங்க வேண்டும். 1985இல் அமெரிக்காவில் ஈடாக் என்ற கம்பெனி வரைபடத்தைக் கேசட்டில் பதிந்து கொடுத்தது. நாமெல்லாம் பாட்டுக் கேட்ட கேசட் மாதிரிதான். ஈடாக் என்பது பசிபிக் தீவு மாலுமிகளின் கடற்பயண முறைக்குப் பெயர். அவர்கள் கணக்கில் படகு நின்ற இடத்தில் நிற்கும், தீவுகள்தான் நகர்ந்து வரும். இன்றைக்கும் நம் திரையில் காரின் அம்புக்குறி நடுவில் நிற்க, ஊர்கள்தானே நகர்ந்து வருகின்றன! பிறகு சிடி, டிவிடி, ஹார்டு டிஸ்க், எஸ்டி கார்டு என்று பாத்திரம் மாறியதே தவிர, சமைத்துக் கொடுப்பவர் ஒருவர், சாப்பிடுபவர் இன்னொருவர் என்ற ஏற்பாடு மாறவில்லை.

இப்போது என் குடும்பத்து விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா வீட்டுக்காரர், அத்தான், வயது எழுபத்திரண்டு. 2013இல் வாங்கிய கார். கம்பெனியே பொருத்திக் கொடுத்த திரை. அதன் குரலுக்கு அத்தான் ஒரு பெயரே வைத்திருந்தார், அதை இந்த மேடையில் சொன்னால் அக்கா கோபித்துக்கொள்வார். 2022 நவம்பரில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இரவு பதினோரு மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு ஏற்கெனவே ஆஸ்துமா. மழைக் குளிரில் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. அத்தான் திரையில் ஆஸ்பத்திரி என்று தேட, நாலு கிலோமீட்டரில் ஒன்று இருக்கிறது என்று காட்டியது. அது சொன்ன வழியிலேயே போனார். வழி ஒரு ரயில்வே கேட்டில் போய் நின்றது. கேட் சாத்தியிருக்கவில்லை, கேட்டே இல்லை. தண்டவாளத்துக்கு இருபுறமும் சுவர் எழுப்பி அடைத்திருந்தார்கள். கேட்டை மூடி இரண்டு வருஷம் ஆகிறதாம். அதற்குப் பதிலாக ஒரு கிலோமீட்டர் தள்ளிச் சுரங்கப்பாதை போட்டிருந்தார்கள். அது திரைக்குத் தெரியாது. அந்தக் குறுகலான சந்தில் வண்டியைத் திருப்பவும் முடியாமல், "நேராகச் செல்லவும், நேராகச் செல்லவும்" என்று அது சொல்லிக்கொண்டே இருக்க, பின்னால் அக்கா மூச்சுக்குத் தவிக்க, கடைசியில் ஒரு ஆட்டோ தம்பி முன்னால் போய் வழிகாட்டி ஆஸ்பத்திரி வாசலில் கொண்டு விட்டார். இருபது நிமிடம் போயிற்று. அக்கா பிழைத்துக்கொண்டார். மறுநாளே பிள்ளைகள் "அப்பா, இனிமே நீங்க வண்டி ஓட்ட வேண்டாம்" என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள்.

அத்தான் எனக்குப் போன் செய்தார். "மாப்ளே, எனக்குக் கண்ணு நல்லா இருக்கு, கை நல்லா இருக்கு. மேப்பு பழசானதுக்கு என் லைசென்ஸைப் பிடுங்கினா எப்படி?" அவர் கேட்டதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது.

சர்வீஸ் சென்டரில் விசாரித்தோம். "2018க்கு அப்புறம் இந்த மாடலுக்கு ரிலீஸ் இல்ல சார்" என்றார்கள். அந்தக் கடைசிப் பதிப்பையும் வரவழைத்துத்தான் தர வேண்டும், விலையும் ஒரு நல்ல ஸ்மார்ட்போன் விலை. 2018 வரைபடத்தில் அந்தக் கேட் உயிரோடுதான் இருக்கும்! எவ்வளவு கொடுத்தாலும் அந்தச் சுவர் திரையில் வராது.

ஏன் நிறுத்துகிறார்கள்? வெறும் பேராசை என்று சொல்லிவிட்டுப் போனால் பொறியாளர்களாகிய நமக்கு அழகில்லை. மாணவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். காருக்குள் இருக்கும் வரைபடம் ஒரு படமே அல்ல. ஒவ்வொரு சாலையும் ஒரு கோடு, ஒவ்வொரு சந்திப்பும் ஒரு புள்ளி. ஒருவழியா, வலது பக்கம் திரும்பலாமா, கேட் உண்டா என்பதெல்லாம் அந்தக் கோட்டோடு ஒட்டியிருக்கும். இதை அந்தந்தத் திரையின் சில்லுக்கும் நினைவகத்துக்கும் ஏற்றபடி கட்டம் கட்டமாகப் பிரித்து, தேடுவதற்கு அகராதி கட்டி, மொத்தமாகச் சமைக்க வேண்டும். ஒரு தெருவை மட்டும் நடுவில் சொருக முடியாது. இன்னொரு மாடலுக்கு இன்னொரு சமையல். ஊரில் ரோடு கூடக்கூடக் கோப்பும் பெருக்கும், பழைய கருவியின் நினைவகம் பெருக்காது. பல கார்களுக்குள் ஓடுவது விண்டோஸ் சிஇ. அந்த வரிசையின் கடைசிப் பதிப்புக்கே மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் ஆதரவை நிறுத்திவிட்டது. இதற்கிடையில் 2009 அக்டோபரில் கூகுள் போனில் வழிசொல்லும் வசதியை இலவசமாக்கப் போவதாக அறிவித்தது. கார்மின், டாம்டாம் பங்குகள் அன்றே சரிந்தன. காசு கொடுத்துக் கார்டு வாங்குவோர் குறைந்தார்கள். வாங்க ஆளில்லாத பண்டத்தை எவன் சமைப்பான்? அதுவரை சரி. என் வருத்தமெல்லாம், சமைப்பதை நிறுத்துகிறவர் பாத்திரத்தின் பூட்டையாவது திறந்துவிடலாமே என்பதுதான். பல கருவிகளில் வரைபடம் அந்தக் கார்டின் சொந்த அடையாள எண்ணோடு பூட்டப்பட்டிருக்கும். வேறொருவர் சமைத்ததை ஊற்றவும் விடாது.

நம் ஊரில் வரைபடம் எவ்வளவு சீக்கிரம் ஊசிப்போகிறது என்று அத்தான் கார்டைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 2010இல் புது எண் கொடுத்தார்கள். நாம் பாடம் பண்ணிய 7 இப்போது 44, பெங்களூர் போகும் 4 இப்போது 48, சேலம் - கொச்சி 47 இப்போது 544. கார்டில் பழைய எண்கள்தான். சாலையோரப் பலகையில் 44 என்று இருக்கும், திரை 7 என்று சொல்லும். 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் வந்தன, 2020இல் மயிலாடுதுறை. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறந்தார்கள். கார்டுக்கு எதுவும் தெரியாது. புதிய பைபாஸில் போனால் கார் நெல் வயலுக்குள் போவதாகக் காட்டும், அல்லது பக்கத்திலிருக்கும் பழைய ரோட்டில் அம்புக்குறியை இழுத்து ஒட்டிவிடும். ஜிபிஎஸ் கொஞ்சம் தப்பாகத்தான் சொல்லும், வண்டி ரோட்டில்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதிய மென்பொருள் அது. ரோடே தெரியாதபோது அந்த நம்பிக்கை கவிழ்த்துவிடுகிறது.

இடையில் ஒரு வேடிக்கை. பழைய கருவிகளில் திடீரென்று தேதி இருபது வருஷம் பின்னால் போகும். பேய் பிசாசு ஒன்றுமில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் வாரத்தைப் பத்து பிட்டில் எண்ணுகிறது. 1024 வாரம் ஆனதும் மறுபடி பூஜ்யம். 1999 ஆகஸ்டில் ஒருமுறை, 2019 ஏப்ரல் 6 அன்று ஒருமுறை ஆயிற்று. அடுத்தது 2038 நவம்பர். இடத்தைப் பெரும்பாலும் சரியாகவே காட்டும், தேதியும் கடிகாரமும்தான் உளறும்.

வழிகளைத் தேடினோம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் "எந்த மாடலா இருந்தாலும் லேட்டஸ்ட் மேப் போட்டுத் தர்றேன் சார்" என்ற ஒருவர் கிடைத்தார். யார் பூட்டை உடைத்த கோப்பு, உள்ளே வேறென்ன இருக்கிறது என்று தெரியாமல் அதை வண்டியில் போட எனக்கு மனம் வரவில்லை. பாதியில் நின்றால் திரையே செத்துப்போகும். திரையைக் கழற்றிவிட்டு ஆண்ட்ராய்டு திரை போடலாம் என்றார் இன்னொருவர். அத்தான் காரில் ஏசி அளவு, பின்பக்கக் கேமரா, ஸ்டியரிங் பொத்தான் எல்லாம் அதே திரையோடு கேன் பஸ் வழியாகப் பேசுகின்றன. சரியான இணைப்புப் பெட்டி கிடைக்காவிட்டால் ஒவ்வொன்றாக ஊமையாகிவிடும். போனை டாஷ்போர்டில் மாட்டிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். இங்கே இருப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அதுதான் சரியான பதில், போகும் பகுதியின் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும். அத்தான் ஒப்பவில்லை. "வழி பாக்கும்போது சம்பந்தி போன் பண்ணிட்டா, ரோடு மறைஞ்சு அவர் மூஞ்சி வருது மாப்ளே."

கடைசியில் ஒரு பழைய கார்மின் கருவியை எடுத்தோம். கண்ணாடியில் ஒட்டுகிற, கையளவுப் பெட்டி. அதன் வரைபடக் கோப்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை ஆர்வலர்கள் பல வருஷம் முன்பே பிரித்து அறிந்து, எம்கேஜிமேப் என்ற இலவச மென்பொருளை எழுதி வைத்திருக்கிறார்கள். சமைக்க வேண்டிய அரிசி ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கியது, யார் வேண்டுமானாலும் திருத்தலாம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நீர் தேங்கிய தெருக்களை மக்களே குறித்தார்களே, அந்த வரைபடத்துக்கு அடித்தளம் இதுதான். தென்னிந்தியப் பகுதியை மட்டும் தனியாக இறக்கிக்கொள்ளலாம், தினமும் புதுப்பிக்கிறார்கள்.

நம் கல்லூரி சிவில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இருவர் உதவிக்கு வந்தார்கள். முதல் வேலையாக அந்த ரயில்வே கேட்டைப் பார்த்தோம். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலும் கேட் திறந்தே இருந்தது! யாரும் திருத்தவில்லை. இருவரும் பஸ் ஏறி அந்த ஊருக்கே போனார்கள். சுவரைப் படம் எடுத்தார்கள், சுரங்கப்பாதையில் நடந்து போனில் தடம் பதிந்தார்கள், உயரப் பலகையைக் குறித்துக்கொண்டார்கள். கூகுளைப் பார்த்து வரைந்தால் பத்து நிமிட வேலைதானே என்று ஒரு நண்பர் கேட்டார். அது அடுத்தவர் சொத்து, உரிமம் அனுமதிக்காது, நேரில் போய்த்தான் ஆக வேண்டும். சர்வே கேம்ப்பில் தியோடலைட்டைத் தோளில் சுமந்து நாம் அலைந்த அலைச்சல் வீண் போகவில்லை என்று எனக்கு ஒரு சந்தோஷம். லாம்டன் 1802இல் பரங்கிமலைப் பக்கம் சங்கிலி பிடித்து அளந்த நாட்டில் அடுத்த தலைமுறையும் காலால் நடந்து அளக்கிறதே! அன்று மாலையே சாலையைத் துண்டித்து, சுரங்கப்பாதையைச் சேர்த்தார்கள். இரண்டு நாள் கழித்துச் சமைத்த கோப்பில் வழி சரியாக வளைந்து போனது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். கதவு எண் போட்டுத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. நெரிசல் தெரியாது. தமிழ் ஊர்ப்பெயர்களை அதன் குரல் வாசிக்கும் அழகைக் கேட்டால் தமிழாசிரியர் கண்ணீர் விடுவார். சக்கரத்தோடு இணைந்த பழைய திரை சுரங்கத்துக்குள்ளும் இடம் சொல்லும், இந்தப் பெட்டிக்கு அது வராது. மாதம் ஒருமுறை யாராவது புதிய கோப்பைப் போட்டுத் தர வேண்டும். ஆனால் அந்த யாராவது இந்த ஊரிலேயே இருக்கிறார், கம்பெனியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

புதுக் கார் வாங்கும் நண்பர்கள் "எனக்கு இந்தத் தொல்லை இல்லை, எல்லாம் இன்டர்நெட்" என்று நினைக்க வேண்டாம். 2022இல் அமெரிக்காவில் 3ஜி அலைவரிசையை நிறுத்தியபோது, அதை நம்பியிருந்த கார்களின் இணைப்புச் சேவைகள் அப்படியே நின்றுபோயின. வாங்கும்போது எத்தனை வருஷம் வரைபடம் தருவீர்கள், பிறகு என்ன செய்வீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நம் அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளம் தொடங்கியது, அதில் வாகனத் துறையும் உண்டு. வரைபடத்தைப் பற்றியும் அங்கே யாராவது கேட்க வேண்டும்.

பிள்ளைகள் அத்தானுக்குச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், பகலில் மட்டும் என்ற நிபந்தனையோடு. பழைய திரையில் இப்போது பாட்டும் ஏசியும் மட்டும். அந்த மாணவர்கள் இருவரும் இன்று மாலை நாலு மணி வரை சர்வே லேபில் இருப்பார்கள். பழைய கருவி வைத்திருப்பவர்கள் மாடல் எண்ணையும் கார்டையும் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். உங்கள் ஊரில் மூடிய கேட், புதிதாக வந்த பாலம் எதுவாயிருந்தாலும் அவர்கள் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். செயலாளர் மணியைப் பார்க்கிறார்.