செய்திக்கு ஒரு முகவரி வேண்டும்

(பொன்னமராவதியில் வாசகர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

 

எனக்குச் செய்தித் துறையில் எழுதுகிற வேலை. இதழியல் படித்தவன். ஆனாலும் நான் செய்த ஒரு தப்பிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

கல்லூரியில் படித்தபோது என் போனுக்கு ஒரு தகவல் வந்தது. "வரும் புதன்கிழமை இலவசக் கண் பரிசோதனை முகாம். அனைவருக்கும் பகிரவும்." நல்ல விஷயம்தானே என்று குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டேன். தம்பி அதை அப்பத்தாவிடம் படித்துக் காட்டியிருக்கிறான். அன்னிக்குக் களையெடுக்கப் போகாம, விடிஞ்சதும் அப்பத்தா பஸ் ஏறிடுச்சு. போய்ப் பார்த்தா கேட் பூட்டிக் கிடக்கு. அது முந்தின வருஷத்து முகாம்! மகளிருக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ் என்பதால் டிக்கெட் காசு போகவில்லை. ஆனால் ஒரு நாள் கூலி போச்சு. திரும்பி வந்ததும் என்னிடம் ஒன்றுதான் கேட்டது: "இதை யாருப்பா சொன்னா?" என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வியைத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் வைக்கிறேன்.

முன்பெல்லாம் நம்ம ஊர்ப்பக்கம் செய்தி எப்படி வந்தது? தண்டோராவாக வந்தது. ஒரு மனிதரைப் பறையடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடக்க வைத்த முறை அது. 2022-இல் தமிழ்நாடு அரசு அதற்குத் தடை விதித்து, வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தால் போதும் என்று சொன்னது. அது சரியான முடிவு. ஆனால் அந்தக் காலத்துச் செய்தியில் ஒன்று இருந்தது. சொன்னது பஞ்சாயத்தா, தாலுகா ஆபீஸா என்று கேட்பவர்களுக்குத் தெரியும். சந்தேகம் இருந்தால் அங்கேயே போய்க் கேட்கலாம். கொன்னையூர் முத்துமாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடித்தாலும் அப்படித்தான். நாள், நேரம், யார் அழைக்கிறார்கள் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும்.

வாட்ஸ்அப்பில் வருகிற செய்திக்குப் பல நேரம் அந்த முகவரி கிடையாது. அதனால் ஒரு நாள் கூலியோடு நஷ்டம் நிற்பதும் இல்லை. 2019 ஏப்ரலை உங்களுக்கு நான் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. மக்களவைத் தேர்தல் நேரம். ஒரு சமூகத்தை இழிவாகப் பேசிய ஆடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் பரவியது. போராட்டம், கல்வீச்சு, கடையடைப்பு என்று போய், கடைசியில் 144 தடை உத்தரவு வரைக்கும் வந்தது. பேசியது யாரோ. போனுக்குப் போன் கொண்டுபோய்ச் சேர்த்தது நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள். அன்றாடம் கடை திறந்தால்தான் அடுப்பு எரியும் என்றிருந்தவர்களுக்கும் அதில் பாதிப்பு வந்தது.

அதனால் எந்தத் தகவல் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். யார் சொன்னது? எந்தத் தேதி? எந்த இடம்? தேதி என்றால் வருஷத்தையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அது உங்கள் போனோடு நிற்கட்டும்.

சரி, யாரிடம் கேட்பது? அரசு சேவை எதுவானாலும் முதலமைச்சர் உதவி மையம், எண் 1100. மருத்துவம் என்றால் 104. ரேஷன் என்றால் 1967. பணம் கட்டச் சொல்லி லிங்க் வந்து, ஏமாந்துவிட்டால் உடனே 1930. அரசைப் பற்றிய தகவல் உண்மையா என்று பார்க்க, 2023-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசு தகவல் சரிபார்ப்பகம் இருக்கிறது. அதன் சமூக வலைத்தளப் பக்கங்களைப் பார்க்கலாம். எழுத்தில் பதில் வேண்டுமென்றால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வருகிற செய்திக்கு முகவரி வேண்டும் என்றால், நாம் அனுப்புகிற குறைக்கும் அது வேண்டும் அல்லவா? "எங்க தெருவுல ஒரு வாரமா லைட் எரியலை" என்று குரூப்பில் போடுகிறோம். நாற்பது பேர் கோபமாகப் பதில் போடுகிறார்கள். லைட் மட்டும் எரியவில்லை. ஏன்? பேரூராட்சி அலுவலகத்தில் யாரும் சொல்லவில்லை! தெருப் பெயர், கம்பத்தில் எண் இருந்தால் அந்த எண், எந்தத் தேதியிலிருந்து எரியவில்லை, இவ்வளவையும் நாலு வரியில் எழுதிக் கொடுங்கள். மனு ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை போகும்போது "போன மாசம் சொன்னேனே சார்" என்பதைவிட, ரசீது எண்ணைக் காட்டுவதற்கு வலு அதிகம்.

அங்கே முடியாவிட்டால் புதுக்கோட்டையில் திங்கள்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. சுற்றியுள்ள கிராம ஊராட்சிக்காரர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்தில் ஆறு நாள். குரூப்பில் பேசியது அடுத்த செய்தி வந்ததும் மேலே போய்விடும். கிராம சபையில் தீர்மானமாக நிறைவேறியது பதிவேட்டில் இருக்கும்.

தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பெரியவர்களுக்குச் செய்தி படித்துச் சொல்வது நீங்கள்தான். நீங்கள் சொன்னால் அவர்கள் நம்பிக் கிளம்பிவிடுவார்கள். அதனால் சொல்வதற்கு முன்னால் ஒரு போன் பண்ணிக் கேளுங்கள். கேட்ட பிறகு, "இன்ன ஆபீஸில் கேட்டேன், இன்ன தேதியில் கேட்டேன்" என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்.

அன்றைக்கு நான் அந்த ஒரு போனைப் பண்ணியிருந்தால் அப்பத்தா வேலைக்குப் போயிருக்கும்.