தள்ளிப்போட்ட நியாயம்: அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வந்த கதை



அமெரிக்காவில் பால்டிமோர் என்று ஒரு துறைமுக நகரம். 1826-ம் ஆண்டு அந்த ஊருக்கு ஒரு சிறுவன் வந்தான். அவனுக்கு வயது எட்டு இருக்கும். தான் பிறந்த நாள் எது என்று அவனுக்குத் தெரியாது. தாயுடன் சேர்ந்து வாழவும் அவனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவன் ஓர் அடிமை. பெயர் பிரடெரிக்.

அந்த வீட்டு எஜமானியம்மாள் அவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். சிறிய சொற்களை அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். ஒரு நாள் எஜமானுக்கு இது தெரிந்தது. உடனே தடுத்துவிட்டார். படிக்கத் தெரிந்தவனை அடிமையாக வைத்திருக்க முடியாது என்று மனைவியிடம் சொன்னார்.

சிறுவன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். எஜமான் எதைக் கண்டு பயப்படுகிறாரோ, அதுதான் தனக்கு வேண்டும் என்று புரிந்துகொண்டான். தெருப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்து எழுத்துக் கற்றான். கப்பல் கட்டும் இடத்தில் மரங்களின் மேல் எழுதியிருந்த எழுத்துகளைப் பார்த்து எழுதிப் பழகினான். 1838-ல் தப்பி வடக்கே போனான். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் பிரடெரிக் டக்ளஸ் என்று உலகம் அறிந்த பேச்சாளர் ஆனார்.

ஒரு சிறுவன் நாலு எழுத்துப் படித்தால் எஜமானுக்கு என்ன நஷ்டம்? தெற்கே பல மாநிலங்களில் அடிமைகளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுப்பதே குற்றம் என்று சட்டம் போட்டார்களே, அது ஏன்? இதற்குப் பதில் தெரிந்தால், அந்த நாடு ஏன் இரண்டாகப் பிளந்து சண்டை போட்டது என்பதும் தெரிந்துவிடும்.

அமெரிக்கா ஆங்கிலேயரின் ஆட்சியில் இருந்த காலம். ஆப்பிரிக்காவிலிருந்து கறுப்பின மக்களைக் கப்பலில் கட்டிக் கொண்டுவந்து விற்றார்கள். வாங்கியவருக்கு அவர்கள் சொத்து. ஆடு மாடு போல விற்கலாம். தகப்பனை ஓர் ஊருக்கும், பிள்ளையை வேறு ஊருக்கும் விற்கலாம். தாய் அடிமை என்றால், பிறக்கும் குழந்தையும் அடிமை.

1776-ல் அமெரிக்கா விடுதலையை அறிவித்தது. எல்லா மனிதரும் சமமாகப் பிறந்தவர்கள் என்று அந்த அறிவிப்பு சொன்னது. அதை எழுதிய தாமஸ் ஜெபர்சனே அடிமைகளை வைத்திருந்தார். சொல் ஒன்று, செயல் ஒன்று. விதை அப்போதே விழுந்துவிட்டது.

1787-ல் அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்தார்கள். மக்கள் தொகைக்கு ஏற்ப நாடாளுமன்றத்தில் இடம் என்று முடிவானது. அடிமைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று தெற்கத்திக்காரர்கள் கேட்டார்கள். சேர்த்தால் அவர்களுக்கு அதிக இடம் கிடைக்கும். வடக்கத்திக்காரர்கள் மறுத்தார்கள். கடைசியில் ஒரு பேரம் படிந்தது. ஐந்து அடிமைகளை மூன்று ஆட்களாகக் கணக்கிடுவது என்று முடிவு செய்தார்கள். அந்த ஐந்து பேருக்கும் ஓட்டு கிடையாது. அவர்களை யாரும் கேட்கவும் இல்லை.

இது முதல் பேரம். இதற்குப் பிறகு எத்தனையோ பேரங்கள் நடந்தன. ஒவ்வொன்றிலும் இதே குறைதான்.

வடக்கு மாநிலங்களில் சிறு விவசாயமும் ஆலைத் தொழிலும் வளர்ந்தன. அங்கே அடிமை முறையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒழிக்கச் சட்டம் செய்தார்கள். தெற்கிலும் அது தானாக ஓய்ந்துவிடும் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் நடந்தது வேறு.

பருத்தியிலிருந்து கொட்டையைக் கையால் பிரிப்பது எவ்வளவு கடினம் என்று பருத்தி விளைகிற ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 1793-ல் எலி விட்னி என்பவர் கொட்டையைப் பிரிக்க ஓர் இயந்திரம் செய்தார். கையால் செய்வதைவிட சுமார் 50 மடங்கு வேகம். இங்கிலாந்து ஆலைகள் எவ்வளவு பஞ்சு வந்தாலும் வாங்கத் தயாராக இருந்தன. தெற்கில் எங்கு பார்த்தாலும் பருத்தி போட்டார்கள். இயந்திரம் கொட்டையைப் பிரிக்கும். ஆனால் உழவும், களையெடுக்கவும், பஞ்சு எடுக்கவும் ஆள் வேண்டுமே? கூலி இல்லாத ஆட்கள் அடிமைகள்தான். 1790-ல் சுமார் 7 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். 1860-ல் அது சுமார் 40 லட்சம் ஆகிவிட்டது.

தெற்கில் எல்லா வெள்ளையரும் அடிமை வைத்திருக்கவில்லை. அடிமை மாநிலங்களில் சுமார் நான்கில் ஒரு வெள்ளைக் குடும்பத்திடம்தான் அடிமைகள் இருந்தார்கள். ஆனால் நிலம், பணம், பதவி எல்லாம் பெரிய பண்ணையார்கள் கையில். அவர்கள் சொன்னதே சட்டம். வடக்கும் சுத்தம் இல்லை. வடக்கு ஆலைகளில் நெய்த பஞ்சு, அடிமைகள் எடுத்த பஞ்சு. வடக்கு வங்கிகள் பண்ணையார்களுக்குக் கடன் கொடுத்தன. வடக்கிலும் பெரும்பாலான மாநிலங்களில் கறுப்பருக்கு ஓட்டு இல்லை.

அப்படியானால் சண்டை எங்கே தொடங்கியது? புதிய நிலத்தில்தான்.

நாடு மேற்கே விரிந்துகொண்டே போனது. புதிய மாநிலங்கள் உருவாயின. புதிய மாநிலத்தில் அடிமை முறை உண்டா, இல்லையா? இதுதான் கேள்வி. செனட் என்ற மேல்சபையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு இடம். 1819-ல் அடிமை மாநிலம் 11, அடிமை இல்லாத மாநிலம் 11. தராசு சமமாக நின்றது. அப்போது மிசூரி என்ற பகுதி அடிமை மாநிலமாகச் சேர விரும்பியது. தராசு சாயும் என்று வடக்கு எதிர்த்தது.

1820-ல் மறுபடியும் ஒரு பேரம். மிசூரி அடிமை மாநிலமாகச் சேரும். மெய்ன் அடிமை இல்லாத மாநிலமாகச் சேரும். மேற்கே உள்ள நிலத்தில் ஒரு கோடு போட்டார்கள். மிசூரி தவிர, கோட்டுக்கு வடக்கே அடிமை முறை கூடாது. பங்காளிகள் நிலத்தில் வரப்புப் போடுவது போல, ஒரு நாட்டுக்குள்ளேயே வரப்புப் போட்டார்கள்.

இந்த வரப்பு சுமார் 30 ஆண்டுகள் தாங்கியது. பிறகு மெக்சிகோவுடன் போர் நடந்தது. 1848-ல் மேலும் பெரிய நிலப்பரப்பு அமெரிக்காவிடம் வந்தது. தகராறும் திரும்ப வந்தது.

1850-ல் இன்னொரு பேரம். கலிபோர்னியா அடிமை இல்லாத மாநிலமாகச் சேர்ந்தது. அதற்குப் பதிலாகத் தெற்குக்கு ஒரு கடுமையான சட்டம் கிடைத்தது. தப்பி ஓடி வந்த அடிமையைப் பிடிக்க வடக்கு மக்களும் உதவ வேண்டும். உதவாவிட்டால் தண்டனை. பிடிபட்டவர் தன் பக்க நியாயத்தைச் சாட்சியாகச் சொல்ல முடியாது. விசாரிக்கும் அதிகாரிக்கு, அவரை எஜமானிடம் திருப்பி அனுப்பினால் 10 டாலர் கட்டணம். விடுதலை செய்தால் 5 டாலர்தான். அது எப்படிப்பட்ட நீதி என்று நீங்களே யோசியுங்கள்.

அதுவரை வடக்கில் பலருக்கு அடிமைத்தனம் தூரத்துச் செய்தி. இப்போது அது வாசலுக்கு வந்தது. 1854-ல் பாஸ்டன் நகரில் ஆன்டனி பர்ன்ஸ் என்ற இளைஞரைப் பிடித்தார்கள். ராணுவக் காவலுடன் கப்பலுக்கு நடத்திப் போனார்கள். ஆயிரக்கணக்கான மக்கள் தெருவில் நின்று கண்டித்தார்கள். சாவு வீட்டில் போலக் கட்டடங்களில் கறுப்புத் துணி தொங்கவிட்டார்கள். அன்றைக்குப் பல பேர் மனம் மாறியது.

எழுத்தும் தன் வேலையைச் செய்தது. டக்ளஸ் தன் வாழ்க்கையை 1845-ல் புத்தகமாக எழுதினார். 1852-ல் ஹேரியட் பீச்சர் ஸ்டோ என்ற பெண்மணி, அடிமைகளின் துயரத்தைச் சொல்லும் 'டாம் மாமாவின் குடிசை' என்ற நாவலை வெளியிட்டார். அமெரிக்காவில் முதல் ஆண்டிலேயே சுமார் 3 லட்சம் பிரதிகள் விற்றன. எஜமான்கள் எழுத்துக்கு ஏன் பயந்தார்கள் என்று இப்போது தெரிகிறதல்லவா?

1854-ல் பழைய வரப்பையே வெட்டிவிட்டார்கள். கான்சாஸ், நெப்ராஸ்கா என்ற இரண்டு பகுதிகளில் அடிமை முறை வேண்டுமா என்பதை அங்கே குடியேறுகிறவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம் என்று சட்டம் வந்தது. கேட்க நியாயம் போலத்தான் இருந்தது. ஆனால் யாருடைய வாழ்வு முடிவாகப் போகிறதோ, அந்த அடிமைக்கு ஓட்டு இல்லை.

இரு தரப்பும் கான்சாசுக்கு ஆட்களை அனுப்பின. மிசூரியிலிருந்து ஆயுதங்களோடு கூட்டமாக வந்து கள்ள ஓட்டுப் போட்டார்கள். ஒரே பகுதியில் இரண்டு அரசாங்கங்கள் எழுந்தன. வீடுகள் எரிந்தன. பலர் கொல்லப்பட்டார்கள்.

1856-ல் சண்டை நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தது. கான்சாஸ் கொடுமையைக் கண்டித்து சார்லஸ் சம்னர் என்ற வடக்கு உறுப்பினர் பேசினார். தெற்கு உறுப்பினர் ஒருவர் சபைக்குள் வந்து கைத்தடியால் அவரை அடித்து ரத்தக் காயம் செய்தார். தெற்கில் பலர் அடித்தவருக்குப் புதிய கைத்தடிகளைப் பரிசாக அனுப்பினார்கள். பேச்சு நின்று தடி எழுந்துவிட்டது.

நீதிமன்றமாவது காப்பாற்றுமா? டிரெட் ஸ்காட் என்ற அடிமை, எஜமானோடு அடிமை முறை இல்லாத பகுதிகளில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர். அதனால் தனக்கும் தன் மனைவி மக்களுக்கும் விடுதலை வேண்டும் என்று வழக்குப் போட்டார். 11 ஆண்டுகள் வழக்கு நடந்தது. 1857-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கறுப்பர் இந்த நாட்டின் குடிமகன் ஆக முடியாதாம். வழக்குப் போடவே உரிமை இல்லையாம். புதிய பகுதிகளில் அடிமை முறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கும் அதிகாரம் இல்லையாம். சமாதானத்துக்கு இருந்த கதவுகள் ஒவ்வொன்றாக மூடின.

1859-ல் ஜான் பிரவுன் என்ற வெள்ளையர், சுமார் 20 பேரோடு வர்ஜீனியாவில் ஒரு ஆயுதக் கிடங்கைத் தாக்கினார். அடிமைகளுக்கு ஆயுதம் கொடுத்து விடுவிப்பது அவர் திட்டம். பிடிபட்டார். தூக்கில் போட்டார்கள். வடக்கில் பலர் அவரைத் தியாகி என்றார்கள். தெற்கு நடுங்கியது.

1860-ல் ஜனாதிபதி தேர்தல். ஆபிரகாம் லிங்கன் வெற்றி பெற்றார். அடிமை முறை இருக்கும் இடத்தில் கை வைக்கமாட்டேன், புதிய பகுதிகளுக்குப் பரவ விடமாட்டேன் என்பதே அப்போது அவர் நிலை. அதையும் தெற்கு பொறுக்கவில்லை. 1860 டிசம்பர் 20-ல் தென் கரோலினா நாட்டைவிட்டுப் பிரிந்தது. தொடர்ந்து மேலும் ஆறு மாநிலங்கள் பிரிந்தன. 1861 ஏப்ரல் 12-ல் சம்டர் கோட்டை மீது பீரங்கி வெடித்தது. பிறகு நான்கு மாநிலங்கள் சேர்ந்து, பிரிந்தவை மொத்தம் 11 ஆயின.

மாநில உரிமைக்காகவே பிரிந்தோம் என்று பின்னாளில் பலர் சொன்னார்கள். ஆனால் தென் கரோலினா தன் அறிக்கையில் சொன்ன குறை என்ன? ஓடிப்போன அடிமைகளை வடக்கு மாநிலங்கள் திருப்பித் தரவில்லை என்பதுதான். அடிமையைத் தர மறுக்கும் உரிமை மட்டும் வடக்கு மாநிலத்துக்கு இருக்கக் கூடாதாம்! சண்டை எதற்கு என்று அவர்கள் வாயாலேயே சொல்லிவிட்டார்கள்.

போர் நான்கு ஆண்டுகள் நடந்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட போர்வீரர்கள் மாண்டார்கள். அண்ணன் ஒரு பக்கம், தம்பி மறு பக்கம் நின்ற குடும்பங்களும் உண்டு.

இதுவரை யாரும் கேட்காத மக்கள் இப்போது தாங்களே பதில் சொன்னார்கள். வடக்குப் படை எங்கே வந்ததோ, அங்கே அடிமைகள் பண்ணைகளை விட்டு ஓடி வந்தார்கள். 1863 ஜனவரி 1-ல், பிரிந்த பகுதிகளில் உள்ள அடிமைகள் விடுதலை பெற்றவர்கள் என்று லிங்கன் அறிவித்தார். சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் கறுப்பின வீரர்கள் வடக்குப் படையில் சேர்ந்து போரிட்டார்கள். 1865-ல் தெற்கு சரணடைந்தது. லிங்கனைச் சுட்டுக் கொன்றார்கள். ஆனாலும் அந்த ஆண்டு டிசம்பரில் நாடு முழுவதும் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது.

அந்தப் போர் நம் நாட்டையும் தொட்டது. இங்கிலாந்துக்கு அமெரிக்கப் பஞ்சு வராததால் இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது. போர் முடிந்ததும் விலை சரிந்து, பம்பாயில் பல வியாபாரிகள் நொடித்துப்போனார்கள். இன்னொரு தொடர்பும் உண்டு. மனைவி சாவித்திரிபாயுடன் புனேயில் பெண்களுக்குப் பள்ளி நடத்தியவர் ஜோதிராவ் பூலே. சாதிக் கொடுமையை எதிர்த்து 1873-ல் 'குலாம்கிரி' என்ற நூலை எழுதினார். அடிமைத்தனம் என்பதுதான் அதன் பொருள். அடிமைகளை விடுவிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அந்த நூலைக் காணிக்கை ஆக்கினார். நோய் எங்கே இருந்தாலும் ஒன்றுதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

விடுதலை ஆனதும் அமெரிக்கக் கறுப்பின மக்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று, பள்ளிக்கூடம் தேடிப் போனது. பாட்டியும் பேத்தியும் ஒரே பலகையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள். அதற்கும் தடை வந்தது. தெற்கு மாநிலங்கள் கறுப்பரை ஓட்டுப் போடவிடாமல் தடுக்க எழுத்தறிவுத் தேர்வு என்று ஒன்று வைத்தன. முதலில் படிக்கவிடவில்லை. பிறகு படிக்கவில்லை என்று சொல்லி உரிமையைப் பறித்தார்கள். அந்தச் சூழ்ச்சியை முறியடிக்க 1965 வரை போராட வேண்டியிருந்தது.

நண்பர்களே, 1787-ல் தொடங்கி 1850-க்குப் பிறகும் பெரிய மனிதர்கள் கூடிக் கூடிப் பேரம் பேசினார்கள். சமாதானம் வந்தது என்று ஒவ்வொரு முறையும் நினைத்தார்கள். அநியாயத்தைப் பாதி பாதியாகப் பங்கு போட்டால் அது நியாயம் ஆகாது. தள்ளிப்போட்ட நியாயம் வட்டியோடு வரும். பாதிக்கப்பட்டவரை உட்கார வைத்து, அவர் சொல்வதைக் கேட்காத பஞ்சாயத்து பஞ்சாயத்தே அல்ல.

அதனால்தான் அந்த எஜமான் பயந்தார். பால்டிமோரில் ரொட்டியைக் கொடுத்து எழுத்தை வாங்கிய அந்தச் சிறுவன், 1863-ல் வெள்ளை மாளிகைக்குப் போனார். ஜனாதிபதி லிங்கன் எதிரே உட்கார்ந்து, கறுப்பின வீரர்களுக்கும் சமமான சம்பளம் வேண்டும் என்று கேட்டார்.

கேட்கப்படாதவர் கேட்கத் தொடங்கினார். அதற்கு வழி செய்தது எழுத்து.