மணியோசைக்கே கூலி குறையலாமா?

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் செயற்கை நுண்ணறிவு. ஏ.ஐ., ஏ.ஐ. என்று போனிலும் டீக்கடையிலும் காதைத் துளைக்கிறதே, அதுதான். அது எப்படி வேலை செய்கிறது என்று பாடம் நடத்த நாம் வரவில்லை. அந்த எந்திரம் நம் வாசலுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் அதைப் பற்றிய பேச்சு வந்து நம் கூலியில் கை வைத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

நடந்ததைச் சொல்கிறோம். போன மாதம் ஜெட்டியில் மூட்டை இறக்கும் நம் தோழர்கள், நாள் கூலியில் 100 ரூபாய் உயர்த்திக் கேட்பதென்று முடிவு செய்து ஒப்பந்தக்காரரிடம் போனார்கள். அவர் கோபப்படவில்லை. உட்கார வைத்தார், டீ வாங்கிக் கொடுத்தார், போனில் ஒரு படம் காட்டினார். எந்த நாட்டுத் துறைமுகமோ, ஓர் ஆள் கண்ணில் படவில்லை. பளுதூக்கி தானாக எடுக்கிறது, வண்டி தானாக ஓடுகிறது. "இன்னும் ரெண்டே வருஷம், இங்கேயும் இதுதான். இருக்கிற வரைக்கும் சண்டை இல்லாம இருந்துட்டுப் போவோமே" என்றார். 100 கேட்கப் போனவர்கள் 40-க்கு ஒத்துக்கொண்டு திரும்பினார்கள்.

திரும்பி வந்தவர்களை நாம் கேட்டோம். அந்த எந்திரத்துக்கு யாராவது ஆர்டர் கொடுத்திருக்கிறார்களா? என்ன விலை? நம் ஜெட்டியில் வெங்காய மூட்டையையும் சிமெண்டையும் கட்டில் பீரோவையும் தீவுக்குத் தீவு போகும் படகில், அலை ஆட்டும்போது பலகை போட்டு ஏற்றுகிறோமே, அதையும் அது ஏற்றுமா? ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. மீதி 60 ரூபாயைப் பறித்தது எந்திரம் அல்ல தோழர்களே, படம்!

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மணியோசை கேட்ட மாத்திரத்தில் வயலை விட்டு ஓடுகிறவனுக்கு, வந்தது யானையா, மாடா என்பதே தெரியாமல் போய்விடுகிறது.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கம்பி வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். அது நல்லதுதான், ஊரிலிருக்கும் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேச முடிகிறது. இந்தப் பயமும் அதே கம்பி வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மகளுக்கு எக்ஸ்ரே எடுக்கும் டிப்ளமோ படிப்பில் இடம் கிடைத்தது. "எக்ஸ்ரே எல்லாம் இனிமே ஏ.ஐ.தான் பார்க்கும்" என்று யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டு, அந்த இடத்தை விட்டுவிட்டார்கள். இந்தப் பேச்சின் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? ஜெப்ரி ஹின்டன் என்ற பேரறிஞர், 2024-இல் நோபல் பரிசு பெற்றவர், 2016-இலேயே சொன்னார்: எக்ஸ்ரே பார்க்கும் மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்தாண்டில் எந்திரம் அவர்களை மிஞ்சிவிடும் என்று. ஐந்தாண்டும் போயிற்று, அதற்கு மேலும் போயிற்று. அந்த மருத்துவர்களுக்கு இன்றும் தட்டுப்பாடுதான். தாம் பொத்தாம்பொதுவாகப் பேசிவிட்டதாக அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். அவர் ஒப்புக்கொண்ட செய்தி அந்தப் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

இன்னொரு வீட்டில் நேர்மாறு. மூன்று மாத ஏ.ஐ. பயிற்சி, முடித்தால் வேலை நிச்சயம் என்று நம்பி, அம்மாவின் வளையலை அடகு வைத்தார்கள். பயம் ஒரு பக்கம் பறித்தது, ஆசை மறுபக்கம் பறித்தது.

அப்படியானால் எந்திரத்தால் ஆபத்தே இல்லையா? அப்படிச் சொன்னால் நாம் உங்களை ஏமாற்றியவர்கள் ஆவோம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2023-இல் ஆராய்ந்து, அதிகம் பாதிக்கப்படக்கூடியது எழுத்தர் வேலை என்றது. நம் பிள்ளைகளை எந்த நாற்காலிக்காகப் படிக்க வைக்கிறோமோ அதே நாற்காலி! ஆனால் பெரும்பாலான வேலைகள் அடியோடு அழியாது, செய்யும் முறைதான் மாறும் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. வீடியோக்காரர்கள் முதல் பாதியை மட்டும் படித்திருக்கிறார்கள் போலும்.

இந்தத் தீவுகளில் நம் வேலையை இதுவரை பறித்தது எது என்று திரும்பிப் பாருங்கள். 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1883-இல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலையில் வேலை சுருங்கியது, ஒட்டுப்பலகை ஆலைகள் மூடப்பட்டன. காடு போனால் தீவும் போகும், ஆகவே உத்தரவு தவறு என்று நாம் சொல்ல மாட்டோம். வேலை இழந்தவனுக்கு மாற்று என்ன என்று கேட்க ஆள் இல்லாமல் போனதுதான் நம் குறை. 1964-இன் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களை விட்டு வந்த நம் மக்களில் சில குடும்பங்கள் கச்சால் தீவில் ரப்பர் பால் எடுக்கக் குடியேற்றப்பட்டன. 2004 டிசம்பர் 26-இல் கடல் வந்து அந்தத் தீவைச் சூறையாடியது. மிஞ்சியவர்கள் நம்பியிருந்த வனத் தோட்டக் கழகத்தை மூடுவதென்று 2017-இல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. இவற்றில் எதிலும் கம்ப்யூட்டர் இல்லை, ரோபோ இல்லை.

எந்திரத்தை நேருக்கு நேர் சந்தித்த தொழிலாளிகளும் உண்டு. 1960-களில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. ஊழியர்கள் கம்ப்யூட்டரை உள்ளே விடமாட்டோம் என்று அலுவலகத்தின் முன் இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். வங்கி ஊழியர்கள் 1983-இல் வேறு வழி எடுத்தார்கள். எந்திரம் எங்கே, எவ்வளவு என்பதைப் பேசி ஒப்பந்தமாக எழுதி வாங்கினார்கள். கம்ப்யூட்டர் வந்தது. வேலை ஒரே இரவில் போகவில்லை. ஆனால் 2000–01-இல் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஏறத்தாழ 1 லட்சம் பேர் வெளியேறினார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. வெறுங்கையோடு போகவில்லை, பணம் வாங்கிக்கொண்டு போனார்கள். சங்கம் இருந்த இடத்துக் கதை அது.

2024 அக்டோபரில் அமெரிக்காவின் கிழக்குக் கரைத் துறைமுகங்களில் சுமார் 45,000 பேர் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்கும் அதே தானியங்கிப் பளுதூக்கிப் படம் காட்டப்பட்டிருக்கும். ஆறு ஆண்டில் 62 விழுக்காடு கூலி உயர்வு பெற்றார்கள். பிறகு தானியங்கி எந்திரம் பற்றியும் ஒப்பந்தத்தில் விதி எழுத வைத்தார்கள். எந்திரம் வரும் என்று அவர்களும் நம்பினார்கள். அவர்கள் அதனால் குறைத்துக் கேட்கவில்லை, கூட்டிக் கேட்டார்கள்.

பெரிய நிக்கோபாரில் கலாத்தியா விரிகுடாவில் பெரிய கன்டெய்னர் துறைமுகத் திட்டம் இருக்கிறது. அந்த மண்ணின் ஷோம்பென், நிக்கோபாரி மக்களின் உரிமையைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். இன்னொரு கூட்டத்தில் பேசுவோம். காலையில் "ஆயிரமாயிரம் வேலை வருது" என்று நிலம் விற்கிறவர் சொல்கிறார். மாலையில் "எல்லாம் எந்திரம்தான் செய்யும்" என்று கூலி கொடுக்கிறவர் சொல்கிறார். முதல் பேச்சை நம்பிக் கடன் வாங்காதீர்கள், இரண்டாவதை நம்பிக் கூலியைக் குறைக்காதீர்கள்.

சட்டம் ஒன்றும் உண்டு. 1947-ஆம் ஆண்டுத் தொழிற்தகராறு சட்டத்தின் 9-ஏ பிரிவு, ஆட்குறைப்புக்கு வழிவகுக்கும் எந்திர மாற்றத்துக்கு முன் 21 நாள் அறிவிப்பு தர வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 முதல் அதனிடத்துக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்திலும் அந்த 21 நாள் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு இதை வைத்து வழக்காடுவது எளிதல்ல என்பது நமக்குத் தெரியும். ஆனால், "எந்த எந்திரம், எந்த வேலைக்கு, எந்த மாதம், எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பதற்கு வக்கீல் தேவையில்லை.

ஜெட்டித் தோழர்கள் வரும் திங்கட்கிழமை அந்த 60 ரூபாயைக் கேட்க மறுபடியும் போகிறார்கள். இம்முறை சங்கத்திலிருந்து நாமும் கூடப் போகிறோம். படம் காட்டினால் பார்ப்போம், டீ கொடுத்தால் குடிப்போம், பிறகு அந்த அறிவிப்பை எழுத்தில் கேட்போம். காலை 7 மணிக்கு, டிக்கெட் கவுண்டர் பக்கம். வரக்கூடியவர்கள் வாருங்கள்.