முகத்துக்கு ஒரு குடை

(திருச்சுழிப் பக்கத்துக் கிராமமொன்றில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் முகத்தில் பூசிக்கொள்ளும் ஒரு களிம்பைப் பற்றியது என்று தலைவர் சொன்னவுடன் பின்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஜாதியையும் மூடநம்பிக்கையையும் பற்றிப் பேசவேண்டிய மேடையில் பவுடர், ஸ்நோ சமாசாரம் எதற்கு என்று நீங்கள் நினைப்பது சகஜமே. ஆனால் நம் ஜனங்களின் முகத்தில்தான் ஜாதியும் விதியும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன என்பதையும், அந்த இரண்டையும் வைத்துத்தான் வியாபாரி பிழைக்கிறான் என்பதையும் இன்று எடுத்துக்காட்டலாமென்று வந்திருக்கிறேன்.

நான் எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், வைத்தியனுமல்ல. புத்தகங்களைப் படித்தும், தோல் வைத்தியர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதையே சொல்லப்போகிறேன். ஆதலால் விசாரித்துப் பார்த்து, சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், படாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

எனக்கு ஒரு அக்காள் உண்டு. கல்யாணமான மறுவாரமே காட்டு வேலைக்குப் போனவள். பருத்தி எடுப்பது, மல்லி பிடுங்குவது, வேலையில்லாத காலத்தில் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவது, இப்படியே முப்பது வருஷம் கரிசல் வெயிலில் நின்றவள். இரண்டாவது பிள்ளை பிறந்தபிறகு அவள் இரு கன்னத்திலும் மங்கு விழுந்தது. மாமியார் அது முன்ஜென்மத்துப் பாவம் என்றார். ஜோசியன் சூரியன் கோபமாயிருக்கிறான் என்று சொல்லி, ஒன்பது ஞாயிற்றுக்கிழமை விளக்குப் போடச் சொன்னான். விளக்கும் எரிந்தது, எண்ணெய்க் காசும் எரிந்தது, மங்கு மாத்திரம் போகவில்லை.

பிறகு பட்டணத்துக் கடையொன்றில் ஒரு டியூப் கொடுத்தார்கள். வைத்தியர் சீட்டு கேட்கவில்லை. ஒரு மாதம் முகம் வெளுத்தது; தெருவே அதிசயித்தது. மூன்றாம் மாதம் முகம் சிவந்து எரிந்தது, பரு கிளம்பியது, கன்னத்தில் ரோமம் முளைத்தது, அடுப்பங்கரையில் நிற்க முடியவில்லை. மதுரையில் தோல் வைத்தியரிடம் காட்டினோம். அந்த டியூபில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, அது தோலைக் காகிதம்போல் மெலியச் செய்துவிட்டது என்றார். இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாதென்று சர்க்கார் 2018-ல் விதியை இறுக்கியிருக்கிறது. விதி காகிதத்தில் இருக்கிறது. டியூப் கடையில் இருக்கிறது.

அந்த வைத்தியர் கேட்ட ஒரு கேள்விதான் இன்றைய பேச்சுக்கே காரணம். "இத்தனை வருஷத்தில் வெயிலைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?" என்று கேட்டார். தோழர்களே! வெயிலைக் கும்பிடச் சொன்னவன் இருந்தான். வெயிலை மறைத்துக்கொள்ளச் சொன்னவன் ஒருவனுமில்லை.

மங்கு எதனால் வருகிறது? கர்ப்ப காலத்திலும் சில மாத்திரைகளாலும் உடம்பின் சுரப்புகள் மாறுவது ஒரு காரணம். குடும்பவாகு ஒரு காரணம். இவற்றைத் தூண்டி வளர்ப்பது வெயில். வெயிலில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் இரண்டு வகையாக நம்மேல் விழுகிறது. ஒன்று மேல்தோலைச் சுடும். அதற்கு 'பி' என்று பெயர். மற்றொன்று ஆழ இறங்கும், ஜன்னல் கண்ணாடியையும் தாண்டும்; அதற்கு 'ஏ' என்று பெயர். இவையல்லாமல், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே நம்மைப் போன்ற கறுத்த தோலில் மங்கை அதிகப்படுத்துகிறதென்றும் ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். இதில் முன்ஜென்மம் எங்கே வந்தது? சூரியன் கோபிக்கவுமில்லை, கருணை காட்டவுமில்லை. அருப்புக்கோட்டையில் சித்திரை பிறக்கும் நாள் வாக்கில் உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்குமேல் நிற்கிறது. ஆவணியில் மறுபடியும் ஒருமுறை நிற்கிறது. இது பூகோளக் கணக்கு. வேண்டுமானால் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள். நிழல் குச்சியின் காலடியிலேயே விழும். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாயிருக்கும் நேரமெல்லாம் வெயில் பொல்லாதது என்று தெரிந்துகொள்ளுங்கள். இதற்குப் பஞ்சாங்கம் வேண்டியதில்லை.

வெயிலுக்கு முதல் மருந்து நிழல். அடுத்தது குடை, துண்டு, தொப்பி. இதைக்கூட நம்மவர்களுக்கு எவ்வளவு காலம் மறுத்தார்கள் தெரியுமா? இந்தப் பகுதியெல்லாம் பழைய இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லாவில் 1930 டிசம்பரில் ஆதிக்க ஜாதியார் ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 ஜனத்தொகைக் கணக்கை நடத்திய ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி இதைத் தம் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார். ஆண்கள் சட்டை போடக்கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக்கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது. காலில் செருப்புக் கூடாது. கவனியுங்கள் தோழர்களே! வெயிலில் உழைப்பவன் இவன். குடை பிடிக்கும் உரிமை நிழலில் இருப்பவனுக்கு! அப்படி வெயிலிலே நிறுத்திவைத்துவிட்டு, அவன் கறுத்ததையே இழிவாகவும் சொன்னார்கள் என்றால் இதைவிட அக்கிரமம் வேறென்ன இருக்கமுடியும்?

அந்த இழிவைத்தான் வியாபாரிகள் பின்னாளில் டியூபில் அடைத்து விற்றார்கள். 1975-ல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற வெள்ளைத்தோல் களிம்பு நம் நாட்டில் வந்தது. நாற்பத்தைந்து வருஷம் விற்றபிறகு, 2020-ல் உலகமெங்கும் கண்டனம் கிளம்பவே, பெயரில் உள்ள 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டு 'குளோ' என்று வைத்தார்கள். பெயர் தெரியாத வேறு சில களிம்புகளில் பாதரசமே இருக்கிறது. கேரளத்து மலப்புறம் ஜில்லாவில் அப்படிப்பட்ட களிம்பைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டதை 2023-ல் வைத்தியர்கள் வெளிப்படுத்தினார்கள். ஆகவே வெளுப்பாக்கும் களிம்பு வேறு, வெயில் காக்கும் களிம்பு வேறு. முன்னது உன் தோல் கேவலமானது என்று சொல்லி விற்கப்படுவது. பின்னது குடை மாதிரி. அது உன் நிறத்தைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை.

சரி, எந்தக் களிம்பு? ஸ்டீராய்டால் கெட்ட முகத்துக்கும், எரிச்சல் காணும் தோலுக்கும் தாதுப் பொருளால் ஆனதே பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். அந்தத் தாதுக்கள் இரண்டு: ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு. முதலாவது துத்தநாகத்திலிருந்து வருவது. இரண்டாவதற்கு மூலமான இல்மனைட்டு நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலிலேயே கிடைக்கிறது; கேரளத்துச் சவறாவில் அதைப் பக்குவம் செய்யும் சர்க்கார் ஆலையும் இருக்கிறது. கறுப்பு மணலிலிருந்துதான் அந்த வெள்ளைப் பொடி பிறக்கிறது என்பதை வெள்ளைத்தோல் பைத்தியம் பிடித்தவர்கள் யோசிக்கட்டும்! 2019-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெளியிட்ட உத்தேச விதிகளில், வெயில் காக்கும் 16 சரக்குகளில் இவ்விரண்டை மாத்திரமே ஐயமின்றிப் பத்திரமானவை என்று வைத்தது, இரண்டைத் தள்ளியது, மீதி 12-க்கும் இன்னும் சோதனை வேண்டுமென்றது. அதற்காக மற்றவையெல்லாம் விஷம் என்று நான் சொல்லவரவில்லை. இவற்றில் ஜிங்க் ஆக்ஸைடு 'ஏ', 'பி' இரண்டு கதிரையும் தடுக்கும். டைட்டானியம் 'பி'-யை நன்றாகத் தடுத்து, நீண்ட 'ஏ' கதிரில் கொஞ்சம் கோட்டைவிடும். ஆதலால் ஜிங்க் இருப்பதாகப் பார்த்து வாங்குவது நல்லது.

இவை கண்ணாடிபோல் கதிரைத் திருப்பி அடிக்கின்றன என்று பலர் சொல்லுவார்கள். உண்மையில் பெரும்பங்கைத் தாங்களே உறிஞ்சிக்கொள்கின்றன. திருப்பி அனுப்புவது சொற்பமே.

இதை அக்காளுக்கு வாங்கிக்கொடுத்தேன். பூசிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். "என்னடா தம்பி, மூஞ்சியில சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு! இதப் பூசிட்டுக் காட்டுக்குப் போனா ஊரு சிரிக்காதா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. விபூதியைக் குழைத்து முகமெல்லாம் அப்பியதுபோல்தான் இருந்தது. கனமாகவும் இருந்தது, வியர்வையில் வழிந்தது. பழைய தாதுக் களிம்புகளின் குற்றம் இதுதான். வெள்ளைத்தோல்காரனை மனதில் வைத்துச் செய்தவன் கறுத்த முகத்தை நினைக்கவில்லை.

இதற்கு இப்போது பரிகாரம் வந்திருக்கிறது. பொடியை மிகமிக நுண்ணியதாக்கி, இலேசான கூழாகச் செய்கிறார்கள், வெண்மை குறைகிறது. நுண்பொடி நல்ல தோலைத் தாண்டி உள்ளே போவதாகக் காணவில்லை. ஆனால் மூச்சில் போகக்கூடாது, ஆதலால் பீச்சியடிக்கும் டப்பா வேண்டாம். இன்னொரு வழி, இரும்பு ஆக்ஸைடு சேர்த்து நம் தோல் நிறமாகவே செய்வது. இரும்பு ஆக்ஸைடு என்றால் என்ன? காவிக் கல்லுக்கு நிறம் கொடுக்கும் அதே சரக்குதான்! சாமியார்கள் துணியில் ஏற்றி இத்தனை காலம் ஊரை ஏய்த்த காவிக்கு, கடைசியில் ஒரு யோக்கியமான வேலை கிடைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத் தடுப்பது இந்தச் சேர்க்கைதான். மங்குக்காரர்களுக்கு இதுவே விசேஷம். அதற்காகக் காவிக் கல்லை உரைத்துப் பூசிவிடாதீர்கள். ஜிங்க் பொடியை வாங்கித் தேங்காயெண்ணெயில் குழைக்கவும் வேண்டாம். அது கட்டிகட்டியாகத் திரண்டு, இடையிடையே தோலை வெறுமையாக விட்டுவிடும். மஞ்சளும் சந்தனமும் பூச ஆசையிருந்தால் பூசுங்கள். வெயிலுக்கு அவற்றை நம்பாதீர்கள்.

வாங்கும்போது பார்க்கவேண்டியது: எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையக்கூடாது. அது 'பி' கதிரில் நூற்றுக்கு 97 பங்கு தடுக்கும். 50 என்றால் 98. ஆகவே நூறு என்று விளம்பரம் செய்பவனுக்கு இரட்டிப்புப் பணம் கொடுப்பது ஏமாளித்தனம். 'ஏ' கதிருக்கும் காப்பு என்று போட்டிருக்கவேண்டும். செய்தவர் விலாசம், உரிம எண், காலாவதித் தேதி இல்லாத டியூபைத் தொடாதீர்கள். இரண்டு விரல் நீளம் பிதுக்கி முகம், காது, கழுத்தெல்லாம் பூசவேண்டும். இரண்டு மணி நேரத்துக்கொரு முறையும், வியர்வையைத் துடைத்த பிறகும் மறுபடி பூசவேண்டும். பயறளவு தொட்டுத் தடவினால் எழுதியிருக்கும் காப்பில் பாதிகூடக் கிடைக்காது.

இப்போது ஒரு தோழர் எழுந்து, "ஐயா, டியூப் 300, 400 ரூபாய் என்கிறார்களே, கூலிக்காரி எங்கே போவாள்?" என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வி. அம்பது கிராம் டியூப், சொன்னபடி பூசினால் ஒரு மாதம்கூட வராது. ஆதலால் எல்லோரும் வாங்குங்கள் என்று நான் சொல்லமாட்டேன். கறுத்த தோலுக்கு இயற்கையிலேயே ஓரளவு காப்பு உண்டு. வெள்ளைக்காரருக்கு வருவதுபோல் வெயிலால் தோல் புற்று நமக்கு அதிகம் வருவதில்லை. பெரும்பாலோருக்குத் துண்டும், முழுக்கைச் சட்டையும், பகல் 10 மணிக்குள் முடியும் வேலையும் போதும். களிம்பு அவசியமானது மங்கு உள்ளவர்களுக்கும், வெயில் ஒவ்வாத வியாதிக்காரர்களுக்கும், எல்லோரையும்விடப் பிறவியிலேயே நிறமி இல்லாமல் வெளுத்துப் பிறந்த குழந்தைகளுக்கும்தான்.

அந்தக் குழந்தைகளைத் தெய்வப் பிறவி என்று ஒருவன் கும்பிடுகிறான். சாபம் என்று மற்றொருவன் ஒதுக்குகிறான். இருவரும் அக்குழந்தையை வெயிலில்தான் விடுகிறார்கள். ஆப்பிரிக்காவில் தான்சானியா தேசத்தில், இவர்களுடைய எலும்பு அதிர்ஷ்டம் தரும் என்று மந்திரவாதி சொன்னதை நம்பி, கொலையே செய்தார்கள். அதே தேசத்தில் மோஷி என்ற ஊரில், தோல் வைத்தியப் பயிற்சி நிலையத்தோடு சேர்ந்து, 'கிலிசன்' என்ற வெயில் காப்புக் களிம்பைத் தாங்களே செய்து இவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கவும் செய்கிறார்கள். மந்திரவாதியும் ஒரே ஊர், வைத்தியரும் ஒரே ஊர். ஜனங்கள் யார் பக்கம் போகவேண்டும் என்பதே கேள்வி. மணலும் ஆலையும் உள்ள நம் நாட்டில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இக்குழந்தைகளுக்கு மாதம் இரண்டு டியூப் கொடுப்பது சர்க்காருக்கு முடியாத காரியமா? இதைக் கேட்கவேண்டியது நம் கடமை.

அக்காள் இப்போது நிறம் சேர்த்த ஜிங்க் களிம்பும் பெரிய துண்டுமாக வேலைக்குப் போகிறாள். மங்கு முழுவதும் போய்விடவில்லை, வெளிறியிருக்கிறது, எரிச்சல் நின்றுவிட்டது. முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் நானும் ஜோசியனாகிவிடுவேன். ஆனால் ஒன்று போய்விட்டது. போன ஞாயிற்றுக்கிழமை மாமியார் விளக்கைப் பற்றிப் பேச்செடுத்ததற்கு, "எண்ணெய்க் காசை டியூபுக்குச் சேத்து வச்சிருக்கேன் அத்தே" என்று சொல்லிவிட்டாளாம்.